மிச்சம் முதல் வெஸ்ட்மின்ஸ்டர் வரை, ஒரு கேள்வியோடு

லண்டனுக்குப் போகிறவர்கள் மெழுகுச் சிலைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் ஒரு சுரங்கக் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். 2006 மே மாதம், ஒன்பது நாள் பயணம். இது போன்ற கூட்டத்துக்குள் எப்படி நுழைவது என்று கேட்டு இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

மலேசியாவில், குவாந்தானில் ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைவது என் வேலை. பகாங் காட்டுக்குள் ஆற்றோரம் ஓர் ஊர் இருக்கிறது. ஒராங் அஸ்லி ஊர், அதாவது அந்த மண்ணின் ஆதிக்குடிகள் வாழும் இடம். லண்டனில் பங்கு விற்கும் அந்தக் கம்பெனி அங்கே தோண்டப்போகிறது. கம்பெனியின் வரைபடத்தில் ஊர் இருக்கும் இடத்தில் ‘காலி நிலம்’ என்று எழுதியிருக்கிறது. அதை எழுதியது நானில்லை. ஆனால் அதே இரண்டு சொற்களை நான் எத்தனை தாள்களில் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தால் சோறு இறங்காது. அந்த ஊரிலிருந்து கக் செனா (மலாயில் கக் என்றால் அக்கா) லண்டன் போகிறார், மலாய் பேசத் தெரிந்த துணை வேண்டும் என்று சொன்னார்கள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கக் செனாவின் கையில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. ‘எங்கள் ஊரைக் காலி என்று எழுதியவர் நேரில் வந்து பார்த்தாரா?’ பழப் பருவம் முடிந்ததும் மரம் வெட்ட ஆட்கள் வருவார்கள். அதற்கு முன்னால் பங்குதாரர் கூட்டத்தில் இதைக் கேட்டுவிட்டால் கூட்டக் குறிப்பில் ஏறும், கம்பெனி ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், அதை வைத்து நீதிமன்றத்தில் தடை கேட்கலாம் என்று ஊரின் வக்கீல் சொல்லியிருந்தார். இந்த வருடக் கூட்டத்தை விட்டால் அடுத்த கூட்டத்தின்போது கேட்பதற்கு ஊர் இருக்காது.

கோலாலம்பூரிலிருந்து பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டும். ஹீத்ரோவிலிருந்து, தெற்கு லண்டனில் இருக்கும் மிச்சம் என்ற ஊருக்குப் போக இரண்டு தடவை ரயில் மாறி, பிறகு டிராம் பிடித்து, இரண்டு மணி நேரம். மாணவியாக இருந்த காலத்தில் நான் வாடகைக்கு இருந்த பிலோமினா அக்கா வீட்டிலேயே இப்போதும் தங்கினோம். அக்கா மன்னார்க்காரர், முதியோர் இல்லத்தில் வேலை. வியாழக்கிழமைகளில் மாதா கோயில் மண்டபத்தில், வீட்டில் அடி தாங்காமல் வெளியேறி வந்த பெண்களுக்காக ஒரு சிறிய குழுவை நடத்துகிறார். கணவனின் விசாவில் வந்தவர்களுக்குப் பெனிபிட், அதாவது அரசு உதவிப் பணம், கிடையாது. அதனால் அடைக்கல வீடுகளிலும் பெரும்பாலும் இடம் கிடைக்காது. அக்காவின் குழு தெரிந்தவர்கள் வீட்டு மாடி அறைகளைக் கேட்டு வாங்கி அவர்களைத் தங்கவைக்கும்.

இவர்களுக்கும் பகாங் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதே மண்டபத்தில் ஆறிலிருந்து எட்டு வரை இந்தப் பெண்கள், எட்டிலிருந்து பழங்குடிகளின் நில உரிமைக்காகப் போராடும் குழு. நடுவில் தேத்தண்ணி நேரம் பொது. இரண்டு வருடம் ஒரே கேத்தலில் தேத்தண்ணி குடித்ததில் இரண்டு குழுவும் ஒன்றாகிவிட்டது. கம்பெனியில் ஆளுக்கொரு பங்கு வாங்கினால் கூட்டத்துக்குள் போகலாம் என்று தெரிந்ததும் நான்கு பெண்கள் வாங்கினார்கள். பங்கின் விலை நாலு பவுண்ட் சொச்சம், தரகனின் கூலி பன்னிரண்டு பவுண்ட். அவர்களில் இருவர் தங்கள் பங்குக்குப் பிரதிநிதியாகக் கக் செனாவையும் என்னையும் எழுதிக் கொடுத்தார்கள். மற்ற இரண்டு பங்கும் பிலோமினா அக்காவிடமும் சுகந்தியிடமும் இருந்தன.

சுகந்தி என்பது நான் வைத்த பெயர்; அவரைத் தேடிப் பிடிக்க உதவும் வேறு விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துப் பெண், இருபத்தொன்பது வயது, அக்கா வீட்டு மாடி அறையில் பதினொரு மாதமாக இருக்கிறார். அவர் கணவர் கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து வேனில் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் இறக்குகிறவர். லண்டனில் அவருக்குத் தெரியாத தமிழ்க் கடை இல்லை. கடை கடையாக மனைவியை விசாரித்துக்கொண்டிருந்தார். அதனால் சுகந்தி தமிழ்க் கடைக்குப் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குக்கூடப் போவதில்லை. குழுவுக்கு வெளியே யாரிடமும் தன் பெயரைச் சொல்வதும் இல்லை.

திட்டப்படி கூட்டத்துக்குப் பிலோமினா அக்காதான் எங்களோடு வர வேண்டும். காலை ஏழு மணிக்கு அவருக்கு ஃபோன் வந்தது. சப்பாத்து போட்டுக்கொண்டே சொன்னார்: “கைப்பிள்ளையோடை ஒரு பிள்ளை ஈஸ்ட் குரோய்டன் ஸ்டேஷனிலை நிக்கிறாளாம். நான் போகாட்டி அவள் திரும்பி வீட்டை போயிடுவாள். நீங்கள் போங்கோ, கூட்டம் எங்கையும் ஓடாது.”

கூட்டம் ஓடாது, சரி. வழி எனக்கு மறந்துபோயிருந்தது. படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுகந்தி, “நான் வழி காட்ட மட்டும் வாறன் அக்கா. உள்ளுக்கை வந்தாலும் வாய் திறக்க மாட்டன்” என்று சொல்லிவிட்டு மேலங்கியை எடுத்துக்கொண்டார்.

எட்டே முக்காலுக்கு இறங்கினோம். வீட்டிலிருந்து மிச்சம் ஜங்ஷன் டிராம் நிறுத்தத்துக்குப் புல்வெளி வழியாகப் பன்னிரண்டு நிமிட நடை. எனக்கு நேர மாற்றத்தில் தூக்கமும் விழிப்பும் கலந்து கிடந்தன, கால் தரையில் பட்டதாகவே தெரியவில்லை. பனிமூட்டம் தோள் உயரத்துக்குப் படுத்திருந்தது. அதற்கு மேலே மரங்களின் தலைகளும் எங்கள் மூன்று பேரின் தலைகளும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. எங்கோ ஒரு நாய் குரைத்தது, நாயைக் காணவில்லை. கக் செனா நின்று, இந்தக் காடு யாருடையது என்று கேட்டார். மிச்சம் காமன், ஊருக்கே பொதுவான நிலம், தலைமுறை தலைமுறையாக இப்படியே கிடக்கிறது, நினைத்தபடி யாரும் வீடு கட்டிவிட முடியாது என்று சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அப்படியென்றால் இவர்களுக்கு விஷயம் தெரியும்” என்றார்.

டிராமில் விம்பிள்டனுக்குப் பதினாறு நிமிடம். பயணம் செய்ய நினைப்பவர்கள் கவனிக்கவும்: ஒன்பதரைக்குப் பிறகு புறப்பட்டால் ஒன்று முதல் நான்கு வரையான வலயங்களுக்கு ஒரு நாள் பயண அட்டை ஐந்து பவுண்ட் நாற்பது பென்ஸ், அதற்கு முன் என்றால் கூடுதல். நாங்கள் டிராமுக்குத் தனியாக ஒன்றரை பவுண்ட் கொடுத்துவிட்டு, விம்பிள்டன் நிலையத்தில் பதினைந்து நிமிடம் காத்திருந்து அட்டை வாங்கினோம். கஞ்சத்தனம் என்று என் தங்கை சொல்வாள். சொல்லட்டும்.

டிஸ்ட்ரிக்ட் லைனில் வெஸ்ட்மின்ஸ்டர் வரை முப்பத்தைந்து நிமிடம், மாற வேண்டியதில்லை. ஈஸ்ட் பட்னி தாண்டியதும் ரயில் தேம்ஸ் நதியைக் கடக்கும். அப்போது வலது பக்கமோ இடது பக்கமோ, ஏதாவது ஒரு ஜன்னலில் இருங்கள். பனிக்குள்ளே வெயில் இறங்கி ஆறு முழுக்க வெளிறிய பொன் நிறத்தில் கிடந்தது. படகுகள் அசையவில்லை. அந்த அரை நிமிடம் நான் லண்டனிலும் இல்லை, பகாங்கிலும் இல்லை. கக் செனா ஜன்னலில் விரலால் தன் ஊர் ஆற்றை வரைந்தார். ஒன்று, இரண்டு, மூன்று வளைவுகள். மூன்றாவது வளைவில் புள்ளி வைத்து, “வீடு” என்றார். சுகந்தி அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மண்டபம் நிலையத்திலிருந்து ஆறு நிமிட நடை. வாசலில் பையைச் சோதித்தார்கள். பதிவு மேசையில் சுகந்திக்கு வெள்ளை அட்டை, எங்கள் இருவருக்கும் மஞ்சள் அட்டை. நிறம் வேறாக இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தேன், பிறகு சாண்ட்விச் மேசையைப் பார்த்ததில் மறந்துவிட்டேன். வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் சண்டைக்குப் போகிறவள், அந்த அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் பதினொன்றரைக்குத் தொடங்கியது. ஒரு மணி நேரம் இலாபம், எதிர்காலம், திரையில் பச்சை மலைகள். கேள்வி நேரம் வந்ததும் கக் செனா எழுந்து நின்று மலாயில் தன் பெயரைச் சொன்னார். தலைவர் மிகவும் மரியாதையாக, உங்கள் அட்டை என்ன நிறம் என்று கேட்டார். மஞ்சள். பிரதிநிதிகள் வாக்களிக்கலாம், பேச முடியாது, அதுதான் விதி, பங்குதாரர் யாராவது கேட்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்றார். அட்டையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அதையேதான் போட்டிருந்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. இத்தனை ஆயிரம் மைல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு வரி படிக்காமல் உட்காரவைத்துவிட்டேன்.

எங்கள் வரிசையில் இருந்த ஒரே வெள்ளை அட்டை சுகந்தியின் மடியில் இருந்தது. பேச எழுந்தால் பெயர் சொல்ல வேண்டும். சொல்கிறவரின் முகத்தைக் கேமரா எடுக்கும், கம்பெனியின் இணையதளத்தில் போடுவார்கள். அது போதாதென்று ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்த மண்டபப் பணியாளரின் சட்டையில் தமிழ்ப் பெயர். சுகந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, அவர் எங்கடை ஆள்.”

“வேண்டாம் சுகந்தி. விட்ருங்க” என்றேன். வாய்தான் சொன்னது. மனசு எழுந்திரு, எழுந்திரு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

கக் செனா உட்கார்ந்துவிட்டார். மலாயில் தணிந்த குரலில், “அந்தப் பெண்ணைக் கேட்காதே. அவளுக்கும் ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும்” என்றார்.

“என்ன சொல்லுறா?” என்று கேட்டார் சுகந்தி. சொன்னேன். தலைவர் அடுத்த கேள்விக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டார். சுகந்தி வெள்ளை அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எழுந்தார். “நீங்கள் தமிழிலை சொல்லுங்கோ. இங்கிலீசு நான் பாக்கிறன்.”

பெயர் கேட்டார்கள். சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். நான் வைத்ததைவிட நீளமான, அழகான பெயர். தன் அப்பாவின் பெயரையும் சேர்த்து, அவசரப்படாமல், குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னார். ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். சுகந்தியின் குரல் ஓர் இடத்தில் தடுக்கியது, நிற்கவில்லை.

பிறகு நடந்தது எனக்கு இன்னும் கனவு போலத்தான் இருக்கிறது. கக் செனா மலாயில் ஒரு வரி முணுமுணுப்பார், நான் அதைத் தமிழில் சுகந்தியின் காதில் போடுவேன், சுகந்தி ஆங்கிலத்தில் மண்டபத்துக்குச் சொல்வார். எங்கள் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு டுரியான் மரத்துக்கும் நட்டவரின் பெயர் உண்டு. காலி என்று எழுதியவர் படகில் வந்தாரா? யார் வீட்டில் தண்ணீர் குடித்தார்? நான்கு நிமிடம் ஆகியிருக்கும். சாண்ட்விச்சுக்காக வந்திருந்த கிழவர்கள்கூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கேட்பது யாருடைய குரல் என்று எனக்கே குழம்பிப்போய்விட்டது.

தலைவர் பக்கத்தில் இருந்தவரோடு குசுகுசுத்தார். நேரில் ஆய்வு நடந்ததா என்று இப்போது சொல்வதற்கில்லை, எழுத்தில் பதில் தருகிறோம், முகவரியை மேசையில் கொடுங்கள் என்றார். அவ்வளவுதான். ஆனால் குறிப்பில் ஏறிவிட்டது.

மேசையில் இருந்த பெண் படிவத்தில் சுகந்தியின் பெயரை எழுதிவிட்டு, பதிவில் இருக்கும் மாதா கோயில் முகவரிக்கே பதில் அனுப்பலாமா என்று கேட்டாள். கக் செனா கையை நீட்டித் தடுத்தார். கேட்டது என் ஊர், பதில் என் ஊருக்கு வரட்டும் என்றார். அந்த ஊருக்குத் தெருவும் இல்லை, அஞ்சல் எண்ணும் இல்லை. சுகந்தி பேனாவை வாங்கி, கக் செனா சொல்லச் சொல்ல, நான் தமிழாக்க, கட்டத்துக்குள் நுணுக்கி எழுதினார்: ஆற்றின் பெயர், படகுத்துறை, மூன்றாவது வளைவு, இடது கரையில் பெரிய டுரியான் மரம், அங்கே இறங்கிக் கூப்பிடவும். அந்தப் பெண் படித்துப் பார்த்தாள். அஞ்சல் எண் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு முத்திரை குத்தினாள்.

வெளிவாசலில் ஒலிவாங்கிக்காரர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சுகந்தி என் பின்னால் ஒதுங்கினார். அவர் எங்களைப் பார்க்காமல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “எனக்குக் காது வலு மந்தம், தங்கச்சி. ஒருத்தற்றை பேரும் விளங்கிறேல்லை” என்றார். அவரை நம்பலாமா என்று அன்றைக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. வீடு திரும்பிய டிராமில் சுகந்தி கக் செனாவின் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டார். மிச்சத்தில் வீட்டுக் கதவைத் திறந்தால், பிலோமினா அக்காவின் சோபாவில் அந்தக் குரோய்டன் பெண்ணும் தூங்கிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தை மட்டும் விழித்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பங்கைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே வாங்குங்கள், பெயர் பதிவேட்டில் ஏறத் தாமதமாகும். பேசப்போகிறவர் பெயரிலேயே வாங்குங்கள், விருந்தினருக்கு இடம் கொடுக்கிறோம் என்று பிரதிநிதியாக்கி எங்களைப் போல ஏமாறாதீர்கள். தரும் அட்டைகளைத் திருப்பிப் படியுங்கள். பங்குதாரர் பட்டியலைக் கேட்கிறவர்கள் பார்க்கலாம், ஆகையால் ஒளிந்து வாழும் ஒருவர் பங்கு வாங்கினால் வீட்டு முகவரி வேண்டாம். மே மாதம்தானே என்று நினைக்காமல் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, உங்களுக்காகப் பேசப்போகிறவருக்கு அதனால் என்ன போகும் என்பதை முதல் நாளே உட்கார்ந்து பேசிவிடுங்கள். கூட்டத்தின் நடுவே, காதோடு காதாக, அவரிடம் கேட்கும் நிலை வரக்கூடாது.

போன வாரம் கக் செனா குவாந்தானுக்கு வந்து என் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். கம்பெனி ஆள் ஒருவர் படகில் வந்தாராம். கையில் அந்தப் படிவத்தின் நகல். மூன்றாவது வளைவு இதுதானா என்று கேட்டு இறங்கி, கல்லறைகளைச் சுற்றி நடந்து, மரங்களின் பெயர்களை எழுதிக்கொண்டு, ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். வெட்டும் வேலை இன்னும் தொடங்கவில்லை. தொடங்காது என்றும் யாரும் சொல்லவில்லை.

இதைச் சொல்ல மிச்சத்துக்கு ஃபோன் போட்டேன். சுகந்தி கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மெதுவாக, “அந்தப் பேப்பரிலை என்ரை பேர் இருந்ததோ அக்கா?” என்றார்.

“ஆமா. மேலேயே இருந்துச்சாம்.”

பின்னால் அந்தக் கைக்குழந்தை அழும் சத்தம் கேட்டது.

“இருக்கட்டும்” என்றார்.