ஒரே கிரேன், இரண்டு கணக்கு

கிரிக்கெட் ஒளிபரப்பில் ‘ஹெட் டு ஹெட்’ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்கிறார்கள், எண்ணியிருக்கிறேன். இரண்டு அணிகள் இதுவரை நேருக்கு நேர் மோதியதில் யாருக்கு எத்தனை வெற்றி என்ற கணக்கு அது. நான் அந்தச் சொல்லை முதலில் கேட்டது அறுபதுகளின் கடைசியில், துறைமுகத்தில். அங்கே கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் டாலி கிளார்க்காக இருந்தேன்.

ஹெட் டாலி ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்குக் காலடிப்பேட்டையிலிருந்து போன நானும், ராயபுரத்துக்காரர் ஒருவரும் நின்றோம். இருவருக்கும் ஆறு வருஷ சர்வீஸ். ஷெட் அதிகாரி எங்களைக் கூப்பிட்டார்.

“சிபாரிசெல்லாம் வேணாம். ரெண்டு பேரும் ஹெட் டு ஹெட். ஒரே கப்பல், ஒரே கிரேன், மூணு நாள். தனித்தனியா எண்ணுங்க. ஷெட்டுல அடுக்கின மூட்டையோட யார் கணக்கு ஒத்துப்போவுதோ, அவருக்கு வேலை.”

அகராதியைப் பார்த்தேன். மூன்றாம் ஆள் குறுக்கே வராத நேரடிப் போட்டி என்று பொருள் இருந்தது. நியாயம்தான். அதிகாரியும் ராயபுரம் என்பது மட்டும் உறுத்தியது.

வந்தவை உர மூட்டைகள். கிரேன் ஒரு தூக்குக்கு இருபது மூட்டை இறக்கும். தூக்குக்கு ஒரு கோடு; நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம். அவர் எனக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று கூலியாட்களோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்.

“இன்னா மாமு, மூஞ்சி ஏன் இப்டி கீது? வூட்ல சோறு போடலியா?” என்று என்னையும் சீண்டுவார்.

இப்படிப் பேசுகிறவர் எப்படி எண்ண முடியும்? ஆனாலும் முதல் நாள் இருவர் கணக்கும் ஒன்று. இரண்டாம் நாளும் ஒன்று. ஷெட்டிலும் அதே. என் தாளைப் பார்த்துத்தான் எழுதுகிறார் என்று முடிவுகட்டினேன்.

மூன்றாம் நாள் மதியம், இரண்டு தூக்குகளுக்கு நடுவில், வராத ஒரு தூக்குக்குக் கோடு போட்டேன். பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வார். சாயங்காலம் கூட்டும்போது நான் மட்டும் ஒன்றைக் கழித்துக்கொள்வதாகத் திட்டம்.

சாயங்காலம் கை பழக்கப்படி கோடுகளைக் கூட்டியது. நூற்று எழுபத்து மூன்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் கழிக்காதது நினைவுக்கு வந்தது. அவர் தாளில் நூற்று எழுபத்திரண்டு. ஷெட்டில் இருந்ததும் அவ்வளவுதான்.

“ஒரு தூக்கு எப்படிய்யா அதிகமாச்சு?” என்றார் அதிகாரி.

வேண்டுமென்றே பொய்க்கோடு போட்டேன் என்று சொன்னால் இருக்கிற வேலையும் போய்விடும். “கவனம் தப்பிப்போச்சு சார்” என்றேன்.

ராயபுரத்துக்காரர் சிரிக்கவில்லை. “வுடு மாமு, அல்லாருக்கும் ஆவறதுதான்” என்று தோளில் தட்டினார். அந்த இரக்கத்தின் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

பதினோரு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். மற்ற ஆறு கிளார்க்குகளின் தாளில் மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். என் தாளில் மட்டும் பென்சில் முனையை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணுவார். அன்று நான் கோடு போட்டதைப் பார்த்துவிட்டாரா என்று கடைசிவரை கேட்கவில்லை.