சன்மதி மேடத்தின் டஸ்டர்

வகுப்பு முடியப் போகிறது என்று தெரிந்தால் போதும், சன்மதி மேடத்தின் கை டஸ்டரைத் தேடிப் போய்விடும். மூலையில் எழுதிய தேதியில் தொடங்கி, வரிவரியாகக் கீழே இறங்கி, சட்டத்தில் தங்கிய சாக்பீஸ் பொடியையும் தட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார். அடுத்த வகுப்புக்காரர் வெளியே நின்று கனைத்தாலும் சரி, அவசரப்பட மாட்டார். "நம்ம குப்பைய அடுத்தவங்க தலையில கட்டக் கூடாதுங்க" என்பார். அவருக்கு முன்னால் வகுப்பெடுக்கும் கணக்கு மணி சார் இதுவரை ஒரு நாளும் போர்டைத் துடைத்தது கிடையாது. அதையும் மேடமே துடைப்பார், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே. மணி சார் எதிரில் வந்துவிட்டாலோ, "சாப்ட்டீங்களா சார்?" என்று சிரிப்பார்.

செங்கம் ரோட்டில் இருக்கிற தனியார் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப்பிக்கிற ஒப்பந்தம். பயப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். ஜைனக் குடும்பம், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். அதனால் கல்லூரியில் ஏதாவது கூட்டம் நீண்டால், கண் ஜன்னலுக்கு வெளியே மலைமேல் வெயில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். கணவர் இல்லை. மகள் சுதர்சனா வேலூரில் நர்சிங் படிக்கிறாள். இந்தச் சம்பளம் நின்றால் அவள் படிப்பும் நிற்கும். மற்ற பயமெல்லாம் இந்த ஒரு பயத்தின் பிள்ளைகுட்டிகள்தான்.

அப்படிப்பட்டவர் தலையில்தான் ஸ்மார்ட் போர்டு வந்து இறங்கியது. முதல்வர் ராமகிருஷ்ணன் எல்லாரையும் கூப்பிட்டு, "ஒரு வாரம் ஒர்க் ஷாப். கடைசி நாள் யுனிவர்சிட்டிலேருந்து பாக்க வர்றாங்க. சர்டிபிகேட் வாங்காதவங்க ரெனிவலுக்குன்னு எங்கிட்ட வந்து நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து கீதாஞ்சலி என்ற பெண் வந்திருந்தாள். ஆளாளுக்கு அந்தப் போர்டிலேயே ஒரு பாடம் தயாரிக்க வேண்டும், எல்லாருடைய பாடமும் பக்கம் பக்கமாக ஒரே கோப்பில் சேரும், கடைசி நாள் அதை வைத்துத்தான் நடத்திக் காட்ட வேண்டும் என்றாள். மேடம் போர்டை விட்டு எட்டியே நின்றார். "தொடுங்க மேடம், கடிக்காது" என்றாள் கீதாஞ்சலி.

"தொட்டு ஏதாச்சும் போயிடுச்சின்னா?"

"ஒண்ணும் போகாது மேடம்."

பக்கத்தில் நின்ற இனியன் சிரித்தான். இயற்பியலில் புதிதாகச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளன் அவன். கை சும்மா இருக்காது, கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்ப்பான். இலைத்துளை மூடித் திறப்பது எப்படி என்ற பாடத்தை மேடம் படம் படமாக அடுக்குவதற்கு அவன்தான் கூட நின்று உதவினான். இருந்தாலும் அவன் கை போர்டுப் பக்கம் போகும்போதெல்லாம், "பாத்துப்பா, கொஞ்சம் கம்மியா தொடு" என்று பதறுவார்.

கடைசி நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி ஆவதற்குள் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று மதியம் எல்லாரும் கிளம்பினார்கள். மேடத்துக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் இல்லாத அறையில் தனியாக ஒருமுறை நடத்திப் பார்த்தார். ஆச்சரியம், ஒரு தடங்கலும் இல்லை. தொட்ட இடத்தில் இலை விரிந்தது, துளை திறந்தது. அந்த வாரத்தில் முதல் தடவையாகப் பயம் விட்டுப்போனது. பாடம் முடிந்ததும் கை தானாக டஸ்டரைத் தேடியது. போர்டின் ஓரத்தில் டஸ்டர் மாதிரி ஒரு சின்னப் படம் இருந்தது. தொட்டார். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று போர்டு கேட்டது. அழிக்காமல் பின்னே? ஆம் என்றார். போர்டு பளிச்சென்று வெளுத்தது. திருப்தியாக வெளியே போய், பொடியே ஒட்டாத கையைக் குழாயில் கழுவிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அறை முழுக்க இரைச்சல். கோப்பில் ஒரு பக்கம்கூட இல்லை. கீதாஞ்சலி எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டு, முதல்வரிடம் "யாரோ மொத்தத்தையும் அழிச்சிருக்காங்க சார், திரும்ப எடுக்க முடியல" என்றாள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் கீழே காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மணி சார் உடனே ஆரம்பித்தார். "வேற யாரு? இவன் கைதான் சும்மா இருக்காதே."

"நான் தொடவே இல்லீங்க சார்" என்றான் இனியன். ஒருவரும் நம்பவில்லை. ராமகிருஷ்ணனின் முகம் சிவந்துவிட்டது. "தம்பி, உன் வேலைய நீயே அழிச்சிக்கிட்ட. நாளையிலேருந்து வராத."

மேடத்துக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. அவன் சின்னப் பையன், வேறு வேலை கிடைக்கும்; நமக்கு யார் கொடுப்பார்கள்? சுதர்சனாவை நினைத்தார். இனியன் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். மறுபடி ஒருமுறை "இல்லீங்க சார்" என்றான். குரல் உடைந்திருந்தது.

"அவர் இல்லீங்க சார்." மேடம் எழுந்து நின்றார். "நாந்தான் தொடச்சேன்."

ராமகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களா? எதுக்கு மேடம்?"

"அடுத்து வர்றவங்களுக்கு..." என்றார் மேடம்.

ராமகிருஷ்ணன் மேடையை விட்டு இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவில் அவரை நோக்கி நடந்து வந்தார். மேடம் தலையைத் தூக்கவில்லை. கைக்குட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பிரம்படி வாங்கப்போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உள்ளங்கை மேலே தெரிய வலது கையை முன்னால் நீட்டினார்.