தெருமுனையில் நின்ற பறை

வாசிப்பவரே, தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. ஆம்பூருக்கு அருகே, எங்கள் ஊர்ப் பெரிய தெருவின் முனையில், அந்தப் பிற்பகலில் என்னோடு சாட்சியாக நில்லுங்கள், அது போதும்.

தோல் பதனிடும் கூடம் அத்தெருவுக்கு அப்பால் இருந்தது. சேரி மக்களுக்குத் தெருவழி இல்லை. கால்வாயில் இறங்கிச் சுற்றவேண்டும். மழைக்காலத்தில் இடுப்பளவு நீர். அந்தக் கூடத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கப் போகும் என் அக்காள், வயிற்றில் பிள்ளையோடு, அந்த நீரில்தான் போய்வந்தாள்.

பொதுத்தெருக்கள் எல்லாருக்கும் உரியவை என்று அரசாங்க உத்தரவு வந்தது. அதைப் பறையறைந்து அறிவிக்கவேண்டும். யார் அறைவது? முந்தைய கோடையில்தான், மிஷன் பள்ளியில் மேடைப்பேச்சுப் பயின்ற நான், பறை நம் கழுத்தில் தொங்கும் அடிமைத்தளை என்று புளியமரத்தடியில் முழங்கியிருந்தேன். இனி அதைத் தொடுவதில்லை என்று இளைஞர் அனைவரும் கையுயர்த்தினர். சேரியார் கூடி, வாதாடி, தாமே எடுத்த முதல் முடிவு அது. அதை மீற ஒருவனும் முன்வரவில்லை. எனக்கு அதில் பெருமையும் இருந்தது. எஞ்சியவர் முதியவரான பெரியப்பா ஒருவரே.

பெரியப்பா தம் வழக்கப்படி மேல்துண்டை இடுப்பில் கட்டி, தெருமுனையில் நின்று அறைந்தார். "இந்தத் தெருவுல எந்தச் சாதிக்காரங்களும் போலாம், வரலாம்" என்று கூவினார். ஓரடிகூட உள்ளே வைக்கவில்லை.

"உள்ள போய் அடி பெரியப்பா," என்றேன்.

"எங்கப்பன் நின்ன எடம் இதான். சத்தம் கடைசி வூடு வரைக்கும் போவுதில்ல?"

முதல் வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்தார். "எட்ட நின்னே அடிச்சான் பாரு. உத்தரவுக்கும் பழுதில்ல, நம்ம தெருவுக்கும் பழுதில்ல."

என்னிடம் மறுப்புரைகள் ஆயத்தமாக இருந்தன. அவரோ வாதிடாமல் கதவைச் சாத்திக்கொண்டார். அறிவிப்பு முடிந்ததென்று, உத்தரவோடு வந்திருந்த தாசில்தார் கச்சேரிச் சேவகரும் போய்விட்டார். நடுத்தெருவில் துணிந்து அறையக்கூடிய கைகளெல்லாம், தீர்மானத்தின் மானத்தைக் காத்தபடி, மார்பில் கட்டப்பட்டு என் பின்னால் நின்றன. தீர்மானம் பிழையென்று இன்றும் சொல்லமாட்டேன். அது அந்த ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

மாலையில் அக்காள் நனைந்த புடவையோடு வந்தாள்.

"தெருவத் தொறந்துட்டாங்களாமே?"

"தொறந்தாச்சுக்கா."

"அடிச்சவரே உள்ள போவல. நான் வயித்தத் தள்ளிக்கினு போயி யார் வாயில விழறது? உனுக்கு இன்னாடா, பேசிட்டு வந்துடுவ. கால்வாத் தண்ணி பேச்சு கேக்குமா?"

பெரியப்பாவின் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்த பறையை எடுத்தேன். கூட இருந்த தோழன் வியந்தான்: "தொட மாட்டோம்னு எங்களக் கை தூக்க வெச்சதே நீதானடா."

சேரி முழுதும் கேட்கும்படி அக்காளிடம் சொன்னேன்: "நாளைக்குக் காலைல இத மாட்டிக்கினு நடுத்தெருவுல நான் அடிச்சிக்கினு போறேன். நீ என் பின்னாலயே வேலைக்கு வா."