சித்தி கேட்ட வசனம்

பதினொரு வயதில் நான் மூன்று கிழமையாக பைபிளுக்குள் ஒரு வசனத்தைத் தேடினேன். தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் ஒரு கேள்வி கிடந்து இரண்டு பேரையும் களைக்கச் செய்துகொண்டிருந்தது. அதை நான் தீர்த்துவைத்தால் வீடு பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். மறைக்கல்விப் பரீட்சையில் எங்கள் கோயில் பங்கிலேயே முதலாவதாக வந்திருந்தேன். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

மீள்குடியேறி வந்தவர்களுக்கென்று கட்டிக் கொடுத்த வீடு ஒன்றில் இருந்தோம். புதுக்குடியிருப்புச் சந்தைக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. அவருக்குக் கிடைத்த வீடும் அதே வளவில்தான். எங்கள் குசினி வாசலில் நின்று சற்று உரக்கக் கூப்பிட்டால் அங்கே கேட்கும். அப்பாவுக்கு வவுனியாவில் மேசன் வேலை. சனிக்கிழமை பின்னேரம் வந்து ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். சித்தப்பா இல்லை. சண்டை முடிந்த நாட்களில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி ஆமிக்காரர் அவரை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பஸ் புழுதிக்குள் மறையும்வரை சித்தி பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு எத்தனையோ முகாம்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் அவருடைய படத்தைக் காட்டிக் காட்டி, படத்தின் மூலைகள் மடிந்து தேய்ந்துவிட்டன. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

பொழுதுபட்டதும் செபமாலை சொல்லச் சித்தி எங்கள் வீட்டுக்கு வருவார். சுவரோடு இருந்த சின்ன மேசையில் அந்தோனியார் சுரூபம். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர். சாவி, மாடு, அடையாள அட்டை என்று எங்கள் பங்கில் அவருக்கு வேலை ஓய்வதே இல்லை. செபமாலை முடிந்ததும் அம்மா அவரிடம் சித்தப்பாவைக் கேட்பார். நாலு வருடமாக, ஒரு நாள் தவறாமல்.

அந்த வருடத் தவக்காலத்தில் சித்தி திடீரென்று வருவதை நிறுத்தினார். முதலில் தலையிடி என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ஞாயிறு கழித்து, சந்தியில் தகரக் கூரை போட்ட, சுரூபம் எதுவும் வைக்காத சபைக்கு வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் இழுத்து மூடும் சிப் வைத்த கறுப்பு உறைக்குள் ஒரு பைபிள் இருந்தது.

கேள்வி அடுத்த நாள் வந்தது. விதைக் கச்சான் கடலை உடைப்பதற்காக அம்மா சாக்கை விரித்துக் குந்தியிருந்தார். சித்தி வந்து எதிரே குந்தி, தானும் கோது உடைக்கத் தொடங்கினார்.

"அக்கா, புனிதர்மாரிட்டை மன்றாடச் சொல்லி பைபிளிலை எங்கை இருக்கு? ஒரு வசனம் காட்டுங்கோ."

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்கு இருக்கிற வேலைக்குள்ளை வசனம் தேட நேரமில்லையடி."

"நேர கடவுளிட்டைக் கேக்கலாம்தானே. இடையிலை என்னத்துக்கு ஆள்?"

"கந்தோருக்கு நேர போய் எத்தினை தரம் நீ வெறுங்கையோடை வந்தனி? உள்ளுக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா நல்லதுதானே."

எனக்கு அது நல்ல பதிலாகத் தெரிந்தது. ஆனால் வசனம் இல்லை. சித்தி ஒவ்வொரு நாளும் வந்தார், கச்சான் உடைத்தார், அதையே வேறு வேறு சொற்களில் கேட்டார், போனார். அம்மா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைவாகப் பதில் சொன்னார். கடைசியில் இரண்டு பேரும் கேள்வியும் இல்லாமல் பதிலும் இல்லாமல் கோது உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

பூசை முடிந்து மோட்டார் சைக்கிளில் ஏறப்போன பங்குத்தந்தையை மறித்துக் கேட்டேன். அவருக்கு அன்று இன்னும் இரண்டு கோயிலில் பூசை இருந்தது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "உனக்குக் காய்ச்சல் எண்டா, எனக்காகச் செபியுங்கோ எண்டு பக்கத்து வீட்டிலை சொல்லுறேல்லையே? புனிதர்மாரும் அப்பிடித்தான், பிள்ளை. யாக்கோபு கடைசி அதிகாரத்தைப் பார்."

பார்த்தேன். ஒருவருக்காக ஒருவர் செபியுங்கள், நீதிமானின் மன்றாட்டுக்குப் பலம் அதிகம் என்கிற கருத்தில் இருந்தது. சித்தியிடம் ஓடினேன். அவர் பொறுமையாக வாசித்தார். "பக்கத்து வீட்டுக்காரர் உயிரோடை இருக்கினம், குஞ்சு" என்றார்.

பிறகு திருவெளிப்பாட்டில், விண்ணகத்து மூப்பர்கள் ஏந்திய பொற்கிண்ணங்களில் இறைமக்களின் வேண்டுதல்கள் தூபமாக இருக்கும் இடத்தைக் கண்டேன். கிண்ணத்தை ஏந்தியிருப்பதாகத்தான் இருக்கிறது, யாரும் அவர்களிடம் கேட்டதாக இல்லையே என்றார் சித்தி. அதுவும் சரியாகத்தான் பட்டது. மூன்றாவதாக மக்கபேயரில் பிடித்தேன். எப்போதோ இறந்துபோன எரேமியா இறைவாக்கினர் தன் சனங்களுக்காகச் செபித்துக்கொண்டிருப்பதை ஒருவர் கனவில் காண்கிறார். இனிச் சித்தியால் ஒன்றும் சொல்ல ஏலாது என்று வளவுக்குள் பறந்தேன். சித்தி தன்னுடைய பைபிளின் சிப்பைத் திறந்து உள்ளடக்கத்தில் விரல் வைத்துத் தேடினார். அப்படி ஒரு புத்தகமே அதில் இல்லை.

"உங்கடை பைபிளிலை புத்தகம் குறையுது, சித்தி."

"உங்கடையிலை கூடிப்போச்சு" என்றார். பல நாளுக்குப் பிறகு சித்தி சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு ஏதோ நினைத்ததுபோல என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நியாயமாக நடக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு எனக்குத் தோன்றியது. அம்மாவின் பக்கத்துக்கு மட்டும் தேடினால் அது நீதியில்லை. சித்தியின் பக்கத்துக்கும் தேடினேன். கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே இயேசு ஒருவரே என்ற இடத்தைக் குறித்து வைத்தேன். பிறகு சபை உரையாளர் புத்தகத்தில் ஒன்று அகப்பட்டது. இரண்டு பேரும் கச்சான் உடைத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், நடுவில் நின்று, கோயிலில் வாசகம் வாசிக்கும் குரலில் அதை வாசித்தேன். உயிரோடு இருப்பவர்களுக்குத் தாங்கள் சாகப்போவது தெரியும், இறந்தவர்களுக்கோ ஒன்றுமே தெரியாது என்பது அதன் பொருள். வாசித்து முடித்துவிட்டு, வென்றவர் சித்திதான் என்று சொல்வதற்காக அவரைப் பார்த்தேன்.

சித்தியின் கை நின்றிருந்தது. வெற்றி பெற்றவரின் முகமாக அது இல்லை.

"அக்கா" என்றார். "அண்டைக்கு ஏன் அவரின்ரை பேரைச் செத்த ஆக்களோடை சேத்துச் சொன்னனீங்கள்?"

அம்மா மடியிலிருந்த கோதை மெல்லத் தட்டினார். "நீ கவனிக்கேல்லை எண்டு நினைச்சன்."

அது எனக்கும் ஞாபகம் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தோனியாரிடம் கேட்டு முடித்த பிறகு, கடைசியாக இறந்த ஆன்மாக்களுக்காகச் செபிப்போம். அம்மப்பா, செல் விழுந்து செத்த மாமா, இப்படி ஒரு வரிசை. தவக்காலத்தில் ஒரு நாள் அம்மா அந்தோனியாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாமாவின் பெயருக்கு அடுத்ததாகச் சித்தப்பாவின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டார். அன்று பகல் முழுவதும் வெயிலில் புல்லுப் பிடுங்கியவர், களைப்பில் வரிசை மாறிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள்தான் சித்திக்கு அந்தத் தலையிடி வந்தது.

"எனக்கு ஏலாமப் போச்சு" என்றார் அம்மா. "நாலு வருசம் திருப்பித் தாரும், திருப்பித் தாரும் எண்டு கேட்டு, அந்தச் சுரூபத்தின்ரை முகத்தைப் பாக்கவே வெக்கமாக் கிடந்தது. உன்ரை மனுசன் உயிரோடை இல்லையெண்டா அவரின்ரை ஆத்துமத்துக்கு ஆர் செபிக்கிறது எண்டு யோசிச்சன். இருக்கிறாரெண்டா அந்தச் செபத்தாலை ஒரு கெடுதலும் வராது."

"எனக்கு வந்தது."

அம்மா கையிலிருந்த கச்சானைச் சாக்கில் போட்டார்.

"சபையிலை செத்தவைக்காக ஒருத்தரும் செபிக்கிறேல்லை அக்கா. அதுக்குத்தான் அங்கை போனனான். பேர் எழுதிக் குடுத்தா, உயிரோடை இருக்கிற ஆள் எண்டுதான் வாசிப்பினம். ஒவ்வொரு ஞாயிறும் வாசிக்கினம்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப வசனம்? ஆரின்ரை பக்கம் சரி?" என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எந்த வீட்டுப் பிள்ளை என்று யோசிப்பதுபோல இருந்தது. சித்தி சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பிப் போனார். அம்மா மிச்சக் கச்சானைத் தனியாக உடைத்து முடித்தார்.

அன்று பொழுதுபட்ட பிறகு நானும் அம்மாவும் மட்டும் செபமாலை சொன்னோம். சித்தி வரவில்லை. அவருடைய குசினியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சட்டி கழுவும் சத்தமும் கேட்டது. செபமாலை முடிந்தது. சித்தி வராமல் விட்ட பிறகு அந்தோனியாரிடம் சித்தப்பாவைக் கேட்பதும் நின்றிருந்ததால் எழும்பப் பார்த்தேன். அம்மா எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, சித்தப்பாவின் முழுப் பெயரையும் சொல்லி, அவரைத் திருப்பிக் கொண்டுவந்து தரும்படி அந்தோனியாரைக் கேட்டார். வழக்கமாக வாய்க்குள் சொல்கிறவர். அன்றைக்கு, எங்கேயோ நிற்கும் ஆட்டைக் கூப்பிடுவதுபோல அவ்வளவு உரக்கச் சொன்னார். குரல் பாதியில் கரகரத்தது. நிறுத்தி, மூச்செடுத்து, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

பக்கத்துக் குசினியில் சட்டிச் சத்தம் நின்றுவிட்டது.

என் கவலை வேறாக இருந்தது. அவ்வளவு பாடுபட்டுத் தேடியதை அம்மா காதிலேயே போடவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. "செத்தவைக்கு ஒண்டும் கேக்காது எண்டெல்லே அம்மா இருக்கு" என்றேன்.

அம்மா முழந்தாளில் கையை ஊன்றி எழும்பினார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயதுதான். "கேக்கவேண்டிய ஆளுக்குக் கேக்கும்" என்றார்.

அந்தோனியாரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்குக் கேட்கும் என்பதற்கு வசனம் எங்கே இருக்கிறது என்று இன்னும் ஒரு கிழமை தேடினேன்.