அம்மா கடல் பார்த்த அரை நாள்

லுணுகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் ஒரு பழைய தகராறு உண்டு. உச்சி மலையில் கொழுந்து பறிக்கும்போது, மழை விட்ட மறுநாள் காலையில் கிழக்கே பார்த்தால், மலைகளெல்லாம் முடிந்த பிறகு மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று தெரியும். அது கடல் என்பது அம்மாவின் கட்சி. கடலாவது மண்ணாவது, ஏதோ குளத்துத் தண்ணீர் என்பது கங்காணியின் கட்சி. முப்பது வருஷமாக அம்மா முதுகில் கூடையோடு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் கொழுந்து பறித்திருக்கிறாள். பஸ் ஏறினால் நாலு மணி நேரத்தில் மட்டக்களப்பு. ஒரு தடவைகூடப் போனதில்லை.

கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தது அவள் மகள் நான். பதுளையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எனக்கு வேலை கிடைத்த அன்று சொன்னது. அதற்குப் பிறகு நான்கு வருஷம் ஓடிவிட்டது. சாக்குச் சொல்வதில் என்னை யாரும் நெருங்க முடியாது. மழை என்பேன், கந்தோரில் வேலை என்பேன், பஸ்ஸில் உனக்குத் தலை சுற்றும் என்பேன். அம்மா ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அதுதான் எனக்குக் கோபம். ஒரு நாள் சத்தம் போட்டிருந்தால் நான் எப்போதோ கூட்டிப் போயிருப்பேன்.

போன வருஷம் ஒரு போயா தினம், பௌர்ணமி விடுமுறை, சனிக்கிழமையில் வந்தது. ஞாயிறு தோட்டத்துக்கு லீவு. இரண்டு நாள் கிடைத்ததும் போன் போட்டு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தேன். மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு சின்ன விடுதியில் சனிக்கிழமை தங்கல். ஞாயிறு காலை வழிகாட்டியோடு அரை நாள் சுற்றுலா. ஏழு மணிக்கு வான் வண்டி வந்து ஏற்றும், பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவந்து விடும். கோட்டை, வாவியில் படகு, வெளிச்ச வீடு, கடைசியில் கடல்.

புறப்படுவதற்கு முதல் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். அம்மாவை லயத்து வரிசையில் எங்கள் வீட்டு வாசலில் உட்காரவைத்து, தேசிக்காயை வெட்டி அவள் விரல்களில் தேய்த்தேன். கொழுந்து பறிக்கிற கையில் தேயிலைக் கறை ஏறிவிடும். வெடிப்புகளுக்குள் கறுப்புக் கோடு கோடாகப் படிந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அசையாது. எதற்கு இதெல்லாம் என்று அம்மா கேட்டாள். சும்மாதான் என்றேன். தேசிக்காய்ச் சாறு வெடிப்பில் பட்டு எரிந்திருக்க வேண்டும். அவள் கையை இழுக்கவில்லை.

சும்மா இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் பதுளைக்குப் பக்கத்தில், ஹாலிஎலையில் வாடகை அறையில் இருக்கிறேன். கந்தோரில் யாராவது ஊர் கேட்டால் பதுளைப் பக்கம் என்பேன். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றுவேன். யாரும் என்னைக் கேவலமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் தோட்டம் என்று சொன்னதும் சிலரின் முகத்தில் ஒரு இரக்கம் வரும். பல்கலைக்கழகத்தில் அதை நான் போதும் போதுமென்கிற அளவுக்குப் பார்த்துவிட்டேன். யாராவது கன்னத்தில் அறைந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன், அந்த இரக்கத்தை மட்டும் என்னால் தாங்க முடியாது.

ஞாயிறு காலை நான் கண் விழித்தபோது அம்மா குளித்து, நான் வாங்கிக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டி, மடியில் பையோடு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். விடியுமுன் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற நேரத்துக்கு அவள் உடம்பு தானாக எழுந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வாவி இன்னும் விடியாமல் கிடந்தது. அதன் மேல் மெல்லிய புகைபோல ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. இங்கேயும் மிஸ்ட் இருக்கு பாரு என்று சொன்னாள். ஊரிலிருந்து தெரிந்தவர் ஒருவர் கூடவே வந்துவிட்டதைப் போல அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

வானில் எங்களோடு இன்னும் இரண்டு பேர்தான். கொழும்பிலிருந்து வந்த கணவன் மனைவி, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், யாழ்ப்பாணத்துப் பேச்சு. வழிகாட்டி மட்டக்களப்புக்காரர். தலையில் தொப்பி, வாயில் ஓயாத சிரிப்பு. ஒரு குடும்பமாகப் போவோம், ஒவ்வொருவரும் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அவர்கள் சொன்னார்கள். என் முறை வந்தது. பதுளையிலிருந்து வருகிறோம், நான் கந்தோரில் வேலை, அம்மா வீட்டில்தான் இருக்கிறார் என்றேன்.

முன்கூட்டி யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நான்கு வருஷப் பழக்கத்தில் தானாக வந்து விழுந்தது. அம்மா என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கைகளை மடியில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்வையில் கோபம் இல்லை. புதிதாக ஒரு வேலையைச் சொல்லிக் கொடுக்கும்போது கவனமாகக் கேட்பாள் பாருங்கள், அப்படி ஒரு பார்வை. அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் காலை எனக்குப் பாதி கனவாகத்தான் நினைவிருக்கிறது. கோட்டை மதிலில் ஏறி நின்றபோது இரண்டு பக்கமும் தண்ணீர், அசையாத தண்ணீர். மலையில் நாங்கள் பார்த்த தண்ணீரெல்லாம் ஓடும், விழும், சத்தம் போடும். இப்படிச் சும்மா கிடக்கிற தண்ணீர் அம்மாவுக்குப் புதிது. இது எங்கே போகும் என்று கேட்டாள். எங்கேயும் போகாது என்றேன். வழிகாட்டி போர்த்துக்கீசரைக் கொண்டுவந்தார், ஒல்லாந்தரைக் கொண்டுவந்தார், வெள்ளைக்காரரைக் கொண்டுவந்தார். அம்மா மதிலைத் தடவிக்கொண்டே நடந்தாள். இவ்வளவு கல்லை யார் சுமந்தார்கள் என்பது மட்டுந்தான் அவளுடைய கேள்வி. அவர் சிரித்துவிட்டு எங்களைப் படகுத்துறைக்கு அழைத்தார்.

பிறகு படகு. கரையோரக் கண்டல் மரங்களின் வேர்களுக்கு நடுவே வெள்ளைக் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. வாவியின் நடுவில் படகோட்டி எந்திரத்தை நிறுத்தினார். ஒரே அமைதி. இந்த வாவியில் மீன் பாடும் என்றார் வழிகாட்டி. முழுநிலா இரவில்தான் நன்றாகக் கேட்கும், ஆனாலும் அதிர்ஷ்டம் இருந்தால் பகலிலும் கேட்கலாம் என்று ஒரு துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியில் காதை வைக்கச் சொன்னார். ஆசிரியர் வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அவர் மனைவி ஏதோ கேட்பதாகச் சொன்னார். நான் வைத்தபோது என் இரத்தம் ஓடுகிற சத்தந்தான் கேட்டது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நீண்ட நேரம். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"நம்ம ஸ்டோர்ல ராத்திரி..." என்று தொடங்கினாள்.

தேயிலை ஃபெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். அதன் எந்திரம் இரவில் ஓடும்போது லயத்துச் சுவரில் காதை வைத்தால் ஒரு முனகல் கேட்கும். நான் பிள்ளையாக இருந்தபோது அந்தச் சத்தத்தில்தான் தூங்குவேன். அம்மா என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டு, ஒன்றும் கேட்கவில்லைங்க என்று சொல்லித் துடுப்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த இடத்திலேயே நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல வெயில், நல்ல காற்று, இதைக் கெடுப்பானேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வெளிச்ச வீட்டைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்தபோது பத்து மணியிருக்கும். கடல் ஒரே தடவையில் முன்னால் வந்து நின்றது. நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன், எனக்கே மூச்சு ஒரு கணம் நின்றது. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மணலில் பத்தடி போய் நின்றாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். மற்றவர்கள் காதில் விழாதபடி அவள் மெதுவாகச் சொன்னாள்.

"மேல இருந்து பாக்கறப்ப சத்தமே இல்லாம இருந்துச்சு பாப்பா. இம்புட்டுச் சத்தம் போடும்னு தெரியாது."

அவ்வளவுதான். கங்காணியை வென்றுவிட்ட பேச்சே எடுக்கவில்லை. அலை வந்து காலை நனைத்துப் போனது. அவள் அசையவில்லை. காலடி மண் சரிய, கொஞ்சம் கொஞ்சமாகக் கணுக்கால் வரை புதைந்து நின்றாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது.

கரையை ஒட்டி ஒரு சின்னப் பூங்கா. வழிகாட்டி எல்லோருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார். பூங்காவைச் சுற்றி இடுப்பளவுக்கு மட்டமாக வெட்டிவிட்ட செடி வேலி. என்ன செடியென்று தெரியாது. மழைக்குப் பிறகு மேலெல்லாம் இளம்பச்சையாகத் துளிர் விட்டிருந்தது. அம்மா இளநீரை முதலிலேயே குடித்து முடித்துவிட்டு, அந்த வேலியருகே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழிகாட்டி வெளிச்ச வீட்டின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

முதலில் அந்தச் சத்தந்தான் என் காதில் விழுந்தது. டக் டக் டக்கென்று தண்டு ஒடியும் சத்தம். அதை நான் உலகத்தில் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் இரண்டு கைகளும் செடியின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு இலை, ஒரு மொட்டு. இரண்டு இலை, ஒரு மொட்டு. உள்ளங்கை நிறைந்ததும் கை தானாகத் தோளுக்குப் பின்னால் போய் வீசியது. பின்னால் கூடை இல்லை. அள்ளி அள்ளி வீசிய துளிரெல்லாம் மணலில் குவிந்து கிடந்தது. அவள் கண் கையில் இல்லை. தூரத்துக் கடலில் இருந்தது.

ஆசிரியரின் மனைவியும் பார்த்துவிட்டார். அருகே போனார். செடியைப் பறிக்காதீர்கள் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"அம்மா, நீங்கள் தேயிலைத் தோட்டத்தில வேலை செய்தனீங்களோ? கை அப்பிடியே பறக்குது. நான் முதன்முதல் படிப்பிக்கப் போனது பசறைப் பக்கம், ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம். இந்தக் கையை எனக்கு நல்லாத் தெரியும்."

குரலில் இரக்கமே இல்லை. நான் பயந்துகொண்டிருந்த எதுவுமே அதில் இல்லை. பழைய சிநேகிதியைக் கண்டுவிட்டது போன்ற ஆசைதான் இருந்தது. அம்மா ஓம் என்றிருந்தால் அவர் அங்கேயே உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசியிருப்பார். அம்மாவும் பேசியிருப்பாள்.

அம்மாவின் கை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல எனக்கு அவள் நேரம் கொடுத்தாள், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் இளநீர்க் கோம்பைக்குள் எதையோ தேடுகிறவளைப் போலக் குனிந்துகொண்டேன்.

"இல்லீங்க. நான் வீட்டுலதாங்க இருக்கேன்" என்றாள் அம்மா. "சும்மா நிக்கிறப்ப கை அரிச்சுச்சு."

கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். அந்தப் பெண்மணி என் பக்கம் ஒரு கணம் திரும்பினார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓம், ஓம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அப்பால் போனார். எனக்கு எண்சாண் உடம்பும் ஒரு சாணாகிப் போனது. அம்மா குனிந்து கீழே கிடந்த துளிரையெல்லாம் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். பறித்ததைத் தரையில் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

மீதி நேரம் சந்தையைப் பார்த்தோம், பாலத்தின் மேல் வானை நிறுத்திப் படம் எடுத்தோம். படங்களில் அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பன்னிரண்டு மணிக்கு விடுதி வாசலில் இறங்கினோம். ஆசிரியரின் மனைவியும் கூடவே இறங்கி, அம்மாவின் கைகளை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். சுகமாகப் போய்ச் சேருங்கள் என்றார். அம்மா வெட்கத்தோடு சிரித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல சனம். மஹாஓயாவில் பாதிப் பேர் இறங்கிய பிறகுதான் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. வெயில் சாய்ந்து, தூரத்தில் மலைகள் நீலமாக எழுந்து வந்தன. மறுநாள் திங்கட்கிழமை. விடியும் முன்னே அவள் பெரட்டுக்குப் போக வேண்டும், நான் கந்தோருக்குப் போக வேண்டும். அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடலைத்தான் நினைக்கிறாள் என்று எண்ணினேன். பிபிலை தாண்டி ஏற்றம் தொடங்கும்போது என் பக்கம் சாய்ந்து, முன் சீட்டுக்காரருக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"அந்த டீச்சரம்மா கேட்டப்ப நான் சரியாத்தான பாப்பா சொன்னேன்? ஒனக்கு ஒன்னும் கொறச்சல் வந்துறாதே?"

காலையிலிருந்து அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான். கடலைப் பார்த்தபோதும், துடுப்பில் காதை வைத்தபோதும், நான் சொன்ன பொய்யைச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டிருக்கிறாள். அப்படி ஒரு வெட்கத்தை நான் என் வாழ்நாளில் பட்டதில்லை. அம்மா, தப்புச் செய்தவள் நான், உன் கையை உலகமே பார்க்கட்டும் என்றெல்லாம் சொல்ல வாய் வரை வந்தது. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்.

"சரியாத்தாம்மா சொன்ன."

அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.