ஒன்பதாவது கிலோமீட்டரில் பிடித்துக்கொண்ட கால்

மாமா பைக் விபத்தில் வலது தொடை எலும்பு உடைந்து கிடந்தபோது, அவர் பிழைத்து வந்தால் செருப்பில்லாமல், வண்டி ஏறாமல் கிரிவலம் வருகிறேன் என்று அக்கா வேண்டிக்கொண்டாள். மாமா கீழ்பென்னாத்தூர் வீட்டுக்குத் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, துணைக்கு வாடா என்று என்னைச் சென்னையிலிருந்து கூப்பிட்டாள். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. பதினான்கு கிலோமீட்டர், மணிக்கு நான்கு, மூன்றரை மணி நேரத்தில் முடியும் என்று கணக்குப் போட்டேன்.

காலை 5.10க்கு ராஜகோபுரத்தில் கிளம்பினோம். பௌர்ணமி இல்லை, அதனால் கூட்டமும் இல்லை. (பௌர்ணமிக்குத்தான் போவேன் என்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது.) மலைப் பக்கம் சித்தர்கள் நடப்பதாக ஐதீகம், மனிதர்களுக்கு இடது ஓரம்தான். நடைபாதைக் கல் குத்துகிறது என்று அக்கா தார் ரோட்டின் இடது விளிம்பிலேயே நடந்தாள்.

8.05, ஆதி அண்ணாமலை தாண்டி ஒன்பதாவது கிலோமீட்டர். அக்கா அப்படியே நின்றுவிட்டாள். இடது கெண்டைக்கால் கல் மாதிரி இருந்தது. கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினேன்.

“விட்றா, உயிர் போவுது.”

ஓர் ஆட்டோ வந்து நின்றது. “ஏறுங்கம்மா, நூத்தம்பது குடுங்க, கோயில்ல வுட்டுர்றேன்.”

“ஏற மாட்டேன்.”

“சாமி ஒண்ணும் ஜிபிஎஸ் வெச்சிப் பாக்கலக்கா” என்றேன். அவள் முறைத்தாள். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். “அப்ப அந்தப் பச்ச கேட்டுக்குப் போங்க. செல்வி மேடம், கையாலயே அமுக்கி தசைய இளக்கி வுடுவாங்க.”

நாற்பது அடி தூரம். ஆறு நிமிடம் ஆனது.

செல்விக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அறையில் ஒரு கட்டில், சுவரில் மசாஜ் படித்த சான்றிதழ். முதலில் காலில் வீக்கமோ சூடோ இருக்கிறதா என்று பார்த்தார். “இருந்தா நான் தொட மாட்டேன், ஆஸ்பத்திரிதான்.” பிறகு காலை விட்டுவிட்டு, அக்காவின் இடது இடுப்பில் முழங்கையை வைத்தார்.

“மேடம், வலி கால்ல.”

“தெரியுது தம்பி. என்ன வேல பாக்கறீங்க?”

“மெஷின் மெயின்டனன்ஸ்.”

“சத்தம் வர்ற எடத்தையே தட்டிக்கினு இருப்பீங்களா?”

நான் விடவில்லை. “ரோடு நடுவுல மேடு, ஓரம் சரிவு. மூணு மணி நேரமா எடது கால் பள்ளத்துலயே நடந்திருக்கு.”

“அதுவும்தான். ஆனா இது மூணு மணி நேரத்து இறுக்கம் இல்ல.” முழங்கையை எடுக்காமலே கேட்டார்: “வீட்ல யாரத் தூக்கறீங்க?”

தலையணையில் முகம் புதைந்திருந்த அக்கா, “அவரத்தான். பாத்ரூமுக்கு” என்றாள்.

“ஒரு நாளைக்கு எத்தினி தடவ?”

“ஏழெட்டு.”

வாரம் தவறாமல் போன் செய்கிறவன் நான். மாமா எப்படி என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

ஐம்பது நிமிடம், நானூறு ரூபாய். நான் செய்ததுபோல ஓங்கிக் குத்தவில்லை. அழுத்தி, காத்திருந்து, அக்கா மூச்சை விடும்போது இன்னும் கொஞ்சம் இறக்கினார். இடுப்பு இளகியதும் கெண்டைக்காலும் இளகியது. மாமாவின் இடுப்பில் போர்வையை பெல்ட்டாக மடித்துக் கட்டி, நாம் முட்டியை மடக்கித் தூக்குவது எப்படி என்று என்னையே வைத்துக் காட்டினார்.

“நடக்கலாம். ஆனா ஓரம் வேணாம், சமமான எடமாப் பாருங்க. சுருக்குனு இழுத்தா உக்காந்துடுங்க.”

அக்கா யோசித்தாள். “நடுவுல நடந்தா சித்தருங்களுக்கும் தொந்தரவு இல்ல.”

அவள் நடு ரோட்டில் நடக்க, நான் பின்னால் பஸ்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டே வந்தேன். மிச்ச ஐந்து கிலோமீட்டருக்கு இரண்டு மணி பத்து நிமிடம். தார் சுட்டது. 11.20க்குக் கோபுரத்தைக் கும்பிட்டாள்.

போகிறவர்களுக்கு: நாலரைக்கே கிளம்புங்கள், பத்தரைக்கு மேல் வெறுங்கால் தாங்காது. ஓரச் சரிவைத் தவிருங்கள். பிடித்துக்கொண்ட தசையை நீங்களே குத்தாதீர்கள். கையில் ஐந்நூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள்.

12.15க்குச் செஞ்சி வழி சென்னை பஸ். மாமாவுக்குப் போன் போட்டேன். “முடிச்சிட்டாளா?” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “இடுப்பு வலிக்குதாடா அவளுக்கு? கேட்டா சொல்ல மாட்டா. அதான் தண்ணி கம்மியாக் குடிக்கறேன். ரெண்டு தடவ தூக்கறதாவது மிச்சமாவட்டும்.”

சென்னைக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். அக்காவோடு வழியில் கீழ்பென்னாத்தூரிலேயே இறங்கிவிட்டேன்.