கங்கையில் விட்ட மாங்காய்

காலை ஐந்தே முக்கால் மணி. ரிஷிகேசத்தில் நான் முதலில் பார்த்தது இரண்டு உள்ளங்கால்கள். படித்துறைக்குச் சற்று மேலே, ஒரு மடத்தின் வாசல் கல்தளத்தில், அவை வானத்தைப் பார்த்துச் சேர்ந்து நின்றன. பார்வையைக் கீழே இறக்கினால் முழங்கால், காவிக் கோவணம், விலா எலும்புகள், கடைசியில் தரையோடு ஒரு தலை. வெள்ளைத் தாடி மூக்கை மூடிக்கொண்டு கிடந்தது. மூச்சு விடுகிறாரா என்று பார்க்கக் குனிந்தேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐம்பதுகளின் கடைசி. திண்டிவனத்திலிருந்து அவ்வளவு தூரம் என்னை ஏன் அழைத்து வந்திருக்கிறார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கணக்குப் பரீட்சையில் முதலாவதாக வந்ததால் என்று நானே முடிவு செய்திருந்தேன். உண்மைக் காரணம் வேறு. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. பிள்ளை வேண்டிப் போகிறவர்கள் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கங்கையில் இறங்க வேண்டும் என்பது அத்தையின் சட்டம். அந்தக் கோடை விடுமுறையில் வீட்டில் சும்மா இருந்த பிள்ளை நான்.

அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். மாமா இறந்த பிறகு திண்டிவனத்தில் எங்களோடு இருந்தாள். எதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாள். சித்தப்பா விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சின் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். ரயில்வேக்காரர் என்பதால் பாஸ் உண்டு. அவரும் சித்தியும் விழுப்புரத்தில் ஏறி வந்த வண்டியில் நானும் அத்தையும் திண்டிவனத்தில் ஏறிக்கொண்டோம்.

மதராஸில் டெல்லி வண்டிக்கு மாறினோம். அத்தை ஒரு ஜாடி நிறைய மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்திருந்தாள். கட்டுச்சோற்றைப் பிரித்ததும் ஜாடியை நடுவில் வைத்து அத்தை ஒரு பக்கமும் சித்தி ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். பெஜவாடா வருவதற்குள் ஜாடியின் அடி தெரிந்தது.

"ரெண்டு பேரும் சேந்து ஒரு தோப்பையே முடிச்சிட்டீங்க" என்றார் சித்தப்பா.

"மாங்கா இல்லாம எனக்கு சோறு எறங்காதுடா" என்றாள் அத்தை. "இவளும் எனக்கு ஜோடியா வந்து சேந்திருக்கா."

சித்தி கொட்டையைச் சப்பிக்கொண்டே தலையாட்டினாள்.

ஜாடி காலியான பிறகு அத்தை இன்னொரு சட்டத்தை எடுத்தாள். கங்கையில் முழுகுகிறவர்கள் பிடித்தமான காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது. எதிர் இருக்கையில் இருந்த வேட்டிக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் காசியிலதாங்க. ரிஷிகேசத்துல விட்டா செல்லாது" என்றார்.

"கங்கை எங்க ஓடுனாலும் கங்கைதாங்க" என்றாள் அத்தை. "மேல விட்டது மெதந்துகினு கீழ காசிக்குப் போய்த்தான ஆவணும்?"

வேட்டிக்காரர் யோசித்துப் பார்த்து, அதுவும் சரிதான் என்றார்.

சட்டத்தை வகுத்தவளுக்கு அதன் சந்துபொந்துகளும் தெரிந்திருந்தன. எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளச் சொன்னாள். அத்தை விடப்போவது சுரைக்காயும் சீத்தாப்பழமும். சுரைக்காய் எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு நாள் சமைப்பதே அதிகம். சித்தப்பா பாகற்காயையும் ஆப்பிளையும் விடுவதாகச் சொன்னார். பாகற்காயைக் கண்டாலே அவருக்கு ஆகாது; ஆப்பிளை வாழ்க்கையில் இரண்டு முறை சாப்பிட்டிருந்தார். சித்திக்கு அத்தை பீர்க்கங்காயையும் பேரிக்காயையும் ஒதுக்கினாள்.

"அண்ணி, புடிச்சதைத்தான விடணும்?" என்றாள் சித்தி.

"பீர்க்கங்கா உனுக்குப் புடிக்கும்னு நான் சொல்றேன். போதும்" என்றாள் அத்தை.

என் கவலை மல்லாட்டையைப் பற்றியது. வேர்க்கடலை என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வது. வேகவைத்த மல்லாட்டை இல்லாத ஒரு சாயங்காலத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மல்லாட்டை காயும் இல்லை, பழமும் இல்லை, ஆகவே விட வேண்டியதில்லை என்று அத்தை தீர்ப்புச் சொன்ன பிறகுதான் தூங்கினேன்.

ரிஷிகேசத்தில் ஒரு தர்மசாலையில் தங்கினோம். அங்கே கணக்கெழுதியவர் மதுரைப் பக்கத்துக்காரர். அதனால் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் சிரமம் இல்லை. ஆறு பச்சையாக ஓடியது. படித்துறையில் கோதுமை மாவு உருண்டையைப் போட்டால் என் கை நீளத்துக்கு மீன்கள் வந்தன. முழுக்குப் போட நல்ல நாள் நான்காம் நாள்தான் என்று அத்தை சொல்லிவிட்டாள். அதுவரை சித்தப்பாவுக்கு ஒரு வேலை அகப்பட்டது. தலைகீழ்ச் சாமியாரிடம் போய் தினமும் காலையில் யோகாசனம் கற்றுக்கொண்டார்.

சாமியாருக்குத் தமிழ் தெரியாது. சித்தப்பா தனக்கு இந்தி தெரியும் என்று நினைத்திருந்தார். ஜல்தி, பேஜாரு என்று விழுப்புரத்தில் எல்லோரும் பேசுகிற பேச்சுதானே, அதோடு பகுத் என்று ஒன்றைச் சேர்த்தால் இந்தி என்பது அவர் கணக்கு. முதல் நாள் அவர் கால்கள் தரையைவிட்டு எழவில்லை. இரண்டாம் நாள் எழுந்து, எதிர்ப்பக்கம் விழுந்தன. மூன்றாம் நாள் சாமியார் காலைப் பிடித்துக்கொள்ள, நான் பத்து எண்ணும்வரை நின்றார். அந்தச் சந்தோஷத்தில் சாமியாரிடம் தன் மனக்குறையைச் சொல்லிவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மேரா சம்சாரம் பகுத் பேஜாரு" என்றார்.

சாமியார் அவரையே பார்த்தார். இன்னொரு முறை சொல்லும்படி சைகை செய்தார். சித்தப்பா கண்கலங்க இன்னொரு முறை சொன்னார். சாமியார் அவர் தலைமேல் கையை வைத்தார். பிறகு எழுந்து உள்ளே போய், மடித்த காவித் துணி ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். ஒரு பையன் ஓடிப்போய் நாவிதரை அழைத்து வந்தான். சாமி பிரசாதம் தருகிறார் என்று நினைத்து சித்தப்பா துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் தர்மசாலைக்கு ஓடி, சித்தப்பாவுக்கு மொட்டை அடிக்கிறார்கள் என்று சொன்னேன். அத்தையும் சித்தியும் வந்தபோது நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் தலை நனைந்திருந்தது. சித்தி படியிலேயே நின்றுவிட்டாள். 

"டேய், எழுந்திரு" என்றாள் அத்தை.

"முடி காணிக்கைதான அக்கா. திருப்பதியில குடுக்கறதில்லையா?"

அதற்குள் மதுரைக்காரர் வந்து சேர்ந்தார். சாமியாரிடம் பேசினார். பேசப் பேச அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஐயா, இங்கே சம்சாரம்னா உலகம். பேஜார்னா வெறுத்துப்போச்சுன்னு அர்த்தம். உலக வாழ்க்கையே அடியோட வெறுத்துப்போச்சுன்னு நீங்க ரெண்டு தரம் சொன்னீங்களாம். சந்நியாசம் வாங்கத்தான் வந்திருக்கீங்கன்னு சாமி நெனச்சுட்டாரு."

"ஐயையோ, என் பொண்டாட்டி ரொம்ப வருத்தத்துல இருக்கான்னுதாங்க சொன்னேன்" என்றார் சித்தப்பா.

விஷயம் தெரிந்து சாமியார் தாடி குலுங்கச் சிரித்தார். நாவிதரும் சிரித்தார். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. காவித் துணியைச் சித்தப்பாவின் மடியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, சாமியாரின் காலடியில் வைத்துவிட்டு வந்தாள்.

"நாளும் வேணாம் நட்சத்திரமும் வேணாம்" என்றாள் அத்தை. "ஜல்தியா முழுக்குப் போட்டுட்டுக் கெளம்புவோம். இன்னொரு நாள் இருந்தா இவன் வேற எதுனா பேசிடுவான்."

தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. அத்தை முதலில் இறங்கி, படித்துறை முழுவதும் கேட்கும்படி சுரைக்காயையும் சீத்தாப்பழத்தையும் விட்டாள். சித்தப்பா பல் கிட்டித்துப் பாகற்காயை விட்டார். பிறகு சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். என் விரல்கள் நசுங்கும்படி பிடித்திருந்தாள். மூன்று முழுக்குப் போட்டோம். மூன்றாவது முழுக்கிலிருந்து எழுந்ததும் சித்தி ஆற்றைப் பார்த்துச் சொன்னாள். தண்ணீர்ச் சத்தத்தில் கரையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. அவள் சொன்னது பீர்க்கங்காய் அல்ல.

ஊர் திரும்பியதும் சித்தப்பா விழுப்புரத்துக் குவார்ட்டர்ஸில் தினமும் காலையில் தலைகீழாக நின்றார். பால்காரர் பயந்துபோய்ச் சொம்பை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார் என்று செய்தி வந்தது. ஆனி மாதக் கடைசியில் வந்த செய்தி வேறு. அதைக் கேட்டு அம்மா பாயசம் வைத்தாள். ஏன் என்று எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா சித்தியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். சித்தி பாதியாக இளைத்திருந்தாள். சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. கஞ்சி குடித்தாலும் கொல்லைப்பக்கம் ஓடினாள்.

"நாலு நாளா தண்ணிகூட நிக்கல" என்றார் சித்தப்பா. "ஆஸ்பத்திரில, வாய்க்கு இன்னா புடிக்குதோ அதைக் குடுங்கன்னு சொல்றாங்க. கேட்டா வாயைத் தொறக்க மாட்டேன்றா."

பகல் பதினொரு மணிக்குச் சித்தியின் தம்பி கிளியனூரிலிருந்து சைக்கிளில் வந்தார். பின்னால் ஒரு கோணிப்பை. உள்ளே மாங்காய், அந்தப் பருவத்தின் கடைசிக் காய்கள். கூடம் முழுக்க மாங்காய்ப்பால் வாசனை வந்தது. சித்தி பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். ஒரு காயைக் கையில் எடுத்தாள். காம்பை முகர்ந்தாள். அப்படியே கீழே வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீ பீர்க்கங்காயைத்தான விட்ட?" என்றாள்.

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"நீதான கையப் புடிச்சிகினு நின்ன. சித்தி தண்ணிக்குள்ள இன்னா சொல்லிச்சி?"

"மாங்காய்" என்றேன்.

அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மாங்காயா, மாம்பழமா? யோசிச்சு சொல்லும்மா. மாம்பழம்னு சொல்லியிருந்தா காய்க்குத் தடை இல்ல."

நான் கணக்கில் முதலாவதாக வந்தவள். "மாங்காய்" என்றேன். "மாம்பழமும் சொன்னாங்க."

"உப்புப் போட்டா அது ஊறுகா. ஊறுகா வேற, காய் வேற" என்றார் அப்பா.

"வேணாம் மாமா" என்று அப்பாவிடம் சொன்னாள் சித்தி. சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "அதை விட்டேன், இது கெடைச்சிது. இப்போ அதைத் தின்னா இதுக்கு எதுனா ஆயிடும்."

சித்தப்பா மாங்காய்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். காலையில் குளித்திருந்தவள், கிணற்றில் இறைத்து, கட்டிய புடவையோடு ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். பிறகு இரண்டாவது குடம், மூன்றாவது குடம். மூன்றாவதுக்குப் பிறகு கண்ணை மூடி நின்றாள்; உதடு அசைந்தது. அன்றைக்கு வெயிலும் அப்படித்தான் இருந்தது. எனக்கும் ஒரு குடம் ஊற்றச் சொன்னேன். போடி உள்ளே என்றாள்.

வேறு புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"செல்லாது" என்றாள்.

"எது அக்கா?" என்றார் அப்பா.

"ரிஷிகேசத்துல விட்டது. காசியில விட்டாத்தான் கணக்கு. ரயில்ல அந்த ஆளு சொன்னதுதான் சரி."

"கங்கை எங்க ஓடுனாலும் கங்கைன்னு சண்டை போட்டியே அக்கா" என்றார் சித்தப்பா. "மேல விட்டது மெதந்துகினு காசிக்குப் போவும்னு நீதான சொன்ன?"

"சுரைக்கா மெதக்கும். முத்தின மாங்கா தண்ணியில முழுகும்டா. உனுக்கு இன்னா தெரியும், எஞ்சினைத் தவுர?" அத்தை அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காசிக்குப் போய்ச் சேராதது கணக்குல சேராது."

ஒரு காயைக் கழுவி, பத்தையாக அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவினாள். சித்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முகத்தைத் திருப்பினாள்.

"நான் போட்ட சட்டம். நானே எடுத்துட்டேன். இதுக்கு ஒண்ணும் ஆவாது, நான் இருக்கேன். வாயைத் தொற."

சித்தி அத்தையையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அன்றைக்கு மூன்று காய் தின்றாள். சாயங்காலம் ஒரு தட்டு ரசம் சோறு சாப்பிட்டாள். எதுவும் வெளியே வரவில்லை. சித்தப்பாவுக்குச் சந்தோஷம் தாங்காமல் எங்கள் கூடத்திலேயே தலைகீழாக நின்று, நாற்காலியைத் தள்ளிவிட்டார்.

மாசியில் ஆண் குழந்தை பிறந்தது. கங்கா ஸ்நானத்தால் என்றாள் அம்மா. சிரசாசனத்தால் என்றார் சித்தப்பா. கடைசிவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தையைக் கேட்டால், "எதுனாலயோ, பொறந்தா சரி" என்பாள்.

பெயர் வைத்த அன்று விழுப்புரத்துக் குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல் போட்டுச் சாப்பாடு. பங்குனியின் முதல் மாங்காய் வந்திருந்தது. வெல்லம் போட்டுப் பச்சடி செய்திருந்தார்கள். நான் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தை தன் இலையில் விழுந்த பச்சடியை வழித்து என் இலையில் வைத்தாள். ஊறுகாய்த் துண்டையும் தள்ளினாள்.

"ஏன் அத்தை?"

"எனக்கு ஒடம்புக்குச் சூடு. நீ தின்னு."

அதன்பிறகு எந்தப் பந்தியிலும் அத்தைக்குப் பக்கத்து இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மாம்பழக் காலத்தில் இரட்டைப் பங்கு கிடைத்தது. பல வருஷம் கழித்து அவள் பதினாறாம் நாள் காரியத்துக்கு, பிடித்ததைப் படைக்க வேண்டும், கங்கையில் விட்டது அதைத்தானே என்று, அம்மா சுரைக்காய்க் கூட்டு வைத்தாள்.